மாப்பிள்ளை உட்காரவில்லை

அன்று மண்ணூர்பேட்டையில் உலகநாதன் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் உலகநாதன், அவர் மனைவி வேம்புலியம்மாள், ஆடி மாதத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் கஸ்தூரி, அவளை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை உத்தமன், வேம்புலியம்மாளின் தம்பி முனியன், அடுத்த வீட்டுக் கலியமூர்த்தி. சலூன்காரர் சின்னப்பையன் அங்கே இல்லை. அவருடைய நாற்காலி மட்டும் இருந்தது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. நேரில் பார்த்தேன் என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் மெய்யாகவே வந்திருந்தால் அந்த வீட்டுக்கு இன்னொரு கூடம் கட்டியிருக்க வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம். உலகநாதனின் தகப்பனார் அந்த ஊர்ப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அறுப்புக் காலத்தில் ஆண்டையின் களத்தில் நின்றே வேலை செய்வார், கூலி நெல்லுக்கும் நின்றே காத்திருப்பார். ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு 'குந்து' என்று அவரிடம் சொன்னவர் யாருமில்லை. பிறகு வயல் போயிற்று, கம்பெனிகள் வந்தன. நெல் தூற்றிய அதே மேட்டில் ஒரு பவுண்டரி எழும்பியது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி வார்ப்பு எடுக்கிற இடம். உலகநாதனுக்கு அதன் கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, அகலமான பெல்ட், கையில் தடி. கேட்டருகே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளியின் கார் வந்தாலும் தெருநாய் வந்தாலும் முதுகு ஒரே நிமிர்வில்தான் நிற்கும்.

கேட்டில் நிற்பது அவர் உத்தியோகம். வீட்டில் யாரையும் நிற்க வைக்காதது அவர் கௌரவம். தபால்காரர் வந்தாலும், கீரைக்காரி வந்தாலும், வாசலில் வழி கேட்டு வந்தவரானாலும், "மொதல்ல குந்துங்க, அப்பால பேசலாம்" என்பார். அதற்காகவே இரண்டு மடக்கு நாற்காலி வாங்கியிருந்தார். துடைத்துத் துடைத்து அவற்றின் பச்சைப் பெயின்ட் வெளுத்துப் போயிருந்தது.

மாப்பிள்ளையை அவர் கண்டுபிடித்ததும் அந்தக் கேட்டில்தான். ஷிப்ட் விட்டதும் ஒவ்வொரு ஆளையும் மேலிருந்து கீழே தடவிப் பார்த்து வெளியே விடுவது வாட்ச்மேன் வேலை. பித்தளைத் துண்டு, போல்ட்டு, கரி, எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொண்டு வருவார்கள். மாங்காட்டிலிருந்து வேலைக்கு வந்த உத்தமனிடம் மட்டும் ஒரு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. தடவித் தடவியே, இவனுக்குப் பெண் கொடுக்கலாம் என்று உலகநாதன் முடிவு செய்தார். வேலையிலும் அவனுக்குப் பேர் இருந்தது. புதிதாகச் சேருகிற பையன்களைக் கூட்டி வைத்து, "கறுத்ததெல்லாம் ஆறினதில்ல, கவனம்" என்று பாடம் சொல்பவன் அவன்தான். அச்சிலிருந்து எடுத்த வார்ப்பு சிவப்பு மாறிக் கறுத்த பிறகும் உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டிருக்கும். உத்தமன் தூர நின்று பார்த்தே எது சூடு, எது ஆறினது என்று சொல்லிவிடுவான்.

கல்யாணத்துக்குப் பிறகும் உலகநாதன் மருமகனைத் தடவாமல் விடவில்லை. கேட்டில் அவர் மாமனார் இல்லை.

தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவதும், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து விருந்து சாப்பிட்டு அழைத்துப் போவதும் அந்தப் பக்கத்து வழக்கம். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை உட்காராமல் திரும்பினால், உன் வீட்டுச் சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். உலகநாதனின் அத்தை மகள் ஒருத்தியின் வாழ்க்கை அப்படித்தான் நின்றுபோயிற்று. அவள் இன்னும் முத்தாபுதுப்பேட்டையில் அண்ணன் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி முதல் ஞாயிறு. வானம் மூடிக்கிடந்தது. மழை வரவில்லை, புழுக்கம் மட்டும் வந்தது. அடுப்படியில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்க, கஸ்தூரி வஞ்சிரத் துண்டங்களுக்கு மிளகாய் தடவிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணாத்தே! உம் மாப்ள வந்துகினு கீறாரு. நானும் அதே பஸ்ஸுதான். பஸ்ஸு பூரா காலி. கண்டக்டரு குந்து, குந்துன்றாரு. மனுசன் பூந்தமல்லியிலேர்ந்து நின்னுகினே வராரு!"

"வேட்டி கசங்கக் கூடாதுன்னு நின்னிருப்பாரு," என்றார் உலகநாதன். "மாமியா ஊட்டுக்கு எப்பிடி வரணும்னு தெரிஞ்ச புள்ள."

உத்தமன் வேட்டியில்தான் வந்தான். சாமி தூக்கி வருகிறவர் போல அடி அளந்து, கால்களைச் சற்று அகற்றி வைத்து நடந்து வந்தான். உலகநாதனுக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை இவ்வளவு நிதானமாக நடக்கிறான்?

"வாங்க மாப்ளே. குந்துங்க."

"இருக்கட்டும் மாமா."

"இன்னா இருக்கட்டும்? குந்துங்க."

"பஸ்ல குந்தியே வந்தது. கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். உலகநாதன் அவரைப் பார்க்கவில்லை. வேம்புலியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். அது ஒன்றுதான் ஆறுதல். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூணருகே போய், தூணில் சாயாமல் நின்றான்.

உலகநாதனுக்கு அப்போது முந்தின நாள் கேட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ஷிப்ட் விட்டதும் வழக்கம்போல மருமகனையும் தடவினார். சட்டைப் பை, மடி, முதுகு. கை இடுப்புக்குக் கீழே பின்பக்கம் போனதுதான் தாமதம், "ஐயோ!" என்று உத்தமன் ஒரு முழம் துள்ளினான். திரும்பி ஒரு பார்வை பார்த்தான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அப்படியே போய்விட்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஆக, அதுதான். மாமனாரே நாலு பேர் முன்னால் திருடனைப்போலத் தடவினால் எந்த மானஸ்தன் பொறுப்பான்? கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு மனம் புண்பட்டிருக்கிறது. அந்தப் புண்ணோடு இந்த வீட்டு நாற்காலியில் எப்படி உட்காருவான்?

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய், "மாப்ள குந்த மாட்டேன்றாரு" என்று மட்டும் சொன்னார்.

"நீ கல்யாணத்துல சம்பந்தியம்மாவ ரெண்டாம் பந்தில குந்த வச்சியே, அத்த அந்தம்மா ஓதி அனுப்பியிருக்கும்," என்றாள் வேம்புலியம்மாள். வாய் அப்படிச் சொன்னாலும் கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டது. போன தடவை அவன் வந்தபோது நல்ல கறியைத் தம்பி முனியனுக்கு எடுத்து வைத்துவிட்டு மாப்பிள்ளை இலையில் எலும்பாகப் போட்டவள் அவள். எலும்பை எண்ணியிருப்பானோ?

"ஏதோ வேண்டுதல் மாமே," என்றான் முனியன். "மாங்காட்டு அம்மனே ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ண சாமி. அந்த ஊர்க்காரன் ரெண்டு கால்ல நிக்கிறான், இதுல இன்னா கீது?" சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். உத்தமனின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய்த் திருமுல்லைவாயிலில் மாட்டுவண்டி மேல் மோதி, முன்சக்கரத்தை ஒருவாறு நிமிர்த்திச் சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்.

"வேண்டுதலாவது ஒண்ணாவது. ராங்கி!" என்றார் கலியமூர்த்தி. அவர் மனசிலும் ஒரு முள் இருந்தது. கல்யாணப் பந்தலில், 'மாப்ள பொண்ணவிட ஒரு பிடி குள்ளம்' என்று அவர் சொன்னபோது உத்தமன் பின்னால்தான் இருந்தான். இப்போது தன் உயரத்தை நின்று காட்டுகிறான் என்றே கலியமூர்த்தி நினைத்தார்.

"அவரு வேட்டி கட்டிகினு வந்துகீறாரு," என்றாள் கஸ்தூரி, மீனைத் திருப்பியபடி. "தூங்கறப்பகூட பேன்ட்டக் கழட்ட மாட்டாரு."

அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாக்காலி சரியில்லியோ?" என்றான் முனியன். அது அவனுக்கு நல்ல வழியாகப் பட்டது. கூடத்துக்குப் போய், "மாப்ளே, இந்த இரும்பு நாக்காலி சூடா இருக்கும்னு பாக்கறீங்களா?" என்றான்.

உத்தமன் திடுக்கிட்டான். "இன்னா சூடு? எது சூடு?"

"இரும்பு மாப்ளே. மேல பாத்தா தெரியாது. குந்தினாத்தான் தெரியும்."

உத்தமனின் முகம் கறுத்தது. முனியன் வெளியே போய்க் கலியமூர்த்தி வீட்டு மரப் பெஞ்சைத் தூக்கி வந்தான். மாப்பிள்ளை பெஞ்சைப் பார்த்தான், முனியனைப் பார்த்தான், உட்காரவில்லை. வேம்புலியம்மாள் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்து, அதன்மேல் தலையணையையும் வைத்தாள்.

"மெத்துனு இருக்கும் மாப்ளே. நோவவே நோவாது."

"நோவாதா?" என்றான் உத்தமன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்குளுக்கு எப்பிடி வசதியோ அப்பிடிக் குந்துங்க. ஒரு பக்கமா ஒருக்களிச்சிக்கூட குந்தலாம்."

உத்தமன் உத்திரத்தைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இதற்குள் முனியனும் கலியமூர்த்தியும் எங்கோ காணாமல் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது மூச்சிரைக்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சின்னப்பையன் சலூனின் சுழல் நாற்காலியைத் தூக்கி வந்தார்கள். அதன் தலைச்சாய்ப்பு ஆடிக்கொண்டிருந்தது. சலூனில் யாரோ பாதி முகச் சவரத்தோடு எழுப்பிவிடப்பட்டிருந்தார்.

"ராஜா நாக்காலி மாப்ளே!" என்றான் முனியன். "சுத்தும், சாயும், ஏறும், எறங்கும். அடியில ரெக்சின் மெத்த. மெட்ராஸ்லயே இதுக்கு மேல கெடையாது. குந்திப் பாருங்க!"

"போதும்!" என்று கத்தினான் உத்தமன். "அல்லாருக்கும் தெரிஞ்சி போச்சா? தெரிஞ்சிகினுதானே நாக்காலி நாக்காலியா கொண்டாந்து என்னெ வெச்சி கலாட்டா பண்றீங்க?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"சைக்கிள நான் வேணும்னு ஒடிக்கல மாப்ளே! அந்த மாட்டுக்காரன் குறுக்க வந்தான்!"

"குள்ளம்னு நா தமாசுக்குச் சொன்னது! நின்னு பாத்தா நல்ல ஒசரந்தான்!"

"அன்னிக்கிக் கறியே கம்மி மாப்ளே! எலும்புலதான் ருசின்னு போட்டேன்!"

உத்தமன் ஒவ்வொருவராகப் பார்த்தான். "எந்த சைக்கிளு?" என்றான்.

முனியன் சலூன் நாற்காலியின் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"நா கெளம்பறேன் மாமா," என்றான் உத்தமன். "சோறும் வேணாம், ஒண்ணும் வேணாம். கஸ்தூரி வரதுன்னா வரட்டும். இல்லாட்டி இங்கியே இருக்கட்டும்."

அடுப்படி வாசலில் கஸ்தூரி நின்றிருந்தாள். கையில் மீன் திருப்பும் கரண்டி. உலகநாதன் மகளைப் பார்த்தார். முத்தாபுதுப்பேட்டையில் மாடு மேய்க்கும் அத்தை மகளின் முகம் அவர் கண்ணில் வந்து போயிற்று. அவர் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவரில்லை. முதலாளியின் காரையே ஒரு தடவை கேட்டில் நிறுத்திச் சோதித்துவிட்டு, நிமிர்ந்து நின்றவர்.

"நீங்க அல்லாரும் இங்கியே இருங்க. மாப்ளே, நீங்க மட்டும் கொல்லப்பக்கம் வாங்க," என்றார்.

கொல்லையில் ஒரு முருங்கை மரமும் துணி துவைக்கிற கல்லும் இருந்தன. உலகநாதன் துவைக்கிற கல்லைக் காட்டி, "குந்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, விழுங்கிவிட்டார்.

"மாப்ளே, நேத்து கேட்டுல கை வச்சது எந்தப்பு."

உத்தமன் அவரை வெறித்தான். "அப்ப தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

"தெரிஞ்சேதான். ரூல்ஸு. அல்லாருக்கும் வக்கிறதுதானே?"

"அதுக்குன்னு அங்கியா? அவ்ளோ அழுத்தியா?"

"அங்கதான் மாப்ளே நெறைய பேர் செருகி வச்சிகினு வரானுங்க. அழுத்தலன்னா தெரியாது. உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா நாலு பேருக்கு முன்னால உங்க மானத்தில கை வச்ச மாதிரி ஆயிப்போச்சு."

"மானத்திலயா?" உத்தமனுக்கு அழுகை வருமா சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. "மானத்தில வச்சிருந்தா நா தாங்கியிருப்பேனே மாமா!"

உலகநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு இறங்கி வந்தும் மாப்பிள்ளை இறங்கவில்லையே என்று கோபம் முளைக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் கஸ்தூரி கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்கு வந்தாள். தொட்டியண்டை போனவள் நின்றாள். கணவனின் பின்பக்கமாக ஒரு சுற்று வந்தாள்.

"நைனா," என்றாள் மெதுவாக. "இங்க வா. இவரு வேட்டியப் பாரு."

வேட்டியின் பின்புறம், வலது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கசிந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உலகநாதன் குனியவில்லை. குனிய வேண்டிய அவசியமில்லை. தேங்காயெண்ணெயும் சுண்ணாம்புத் தெளிவும் சேர்ந்த வாசனை அவருக்கு நன்றாகத் தெரியும். சூடு பட்டவர்களுக்குப் போட அந்த மருந்துப் புட்டியைக் கேட் ரூமில் வைத்துக் காப்பவரே அவர்தான்.

அவர் மூன்று தடவை கண் கொட்டினார். கேட்டில் அவன் துள்ளியதும், காலி பஸ்ஸில் நின்று வந்ததும், சாமி தூக்குகிற நடையும், வேட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தம் இடத்தில் அமர்ந்தன. மாப்பிள்ளை ஒருவன்தான் அமர முடியாதவன்.

"எப்போ?" என்றார்.

"நேத்து. சாப்பாட்டு மணி அடிச்சதும்." உத்தமன் தலையைக் குனிந்துகொண்டான். "செவப்பு மாறி ரொம்ப நேரமாயிருந்திச்சி மாமா. கறுத்துப் போயிருந்திச்சி. ஆறிடுச்சின்னு நெனச்சேன்."

"நீங்களா?"

"நாந்தான்."

உலகநாதனின் மீசை ஒரு பக்கம் அசைந்தது. அதற்கு மேல் அவர் அதை அசைய விடவில்லை. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காத!" என்றான் உத்தமன். "எரியுது!"

"நா இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "ஒரு மாசம் உனுக்கு லெட்டர் போடலியே, அதுக்குத்தான் உர்ருன்னு நிக்கிறேன்னு நெனச்சேன்."

"யாரு பாத்தாங்க?" என்றார் உலகநாதன்.

"யாரும் பாக்கல. பசங்களுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான் மாமா. கறுத்ததெல்லாம் ஆறினதில்லன்னு அவனுங்களுக்குப் பாடம் சொல்றவன் நா. நாளைக்கு நா வார்ப்பாண்ட போனா, மொதல்ல குந்திப் பாருங்க மேஸ்திரின்னுவானுங்க."

உள்ளேயிருந்து முனியன் சலூன் நாற்காலியைச் சுழற்றிப் பார்க்கிற சத்தம் கேட்டது. முனியனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அது பொழுது சாய்வதற்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும். காரணத்தைச் சொன்னால் மருமகனின் மானம் போகும். சொல்லாவிட்டால், வந்த மாப்பிள்ளை உட்காரவில்லை என்று தன் மானம் போகும். உலகநாதன் பெல்ட் இல்லாத இடுப்பில் கையை வைத்துச் சற்று நேரம் யோசித்தார். பிறகு கேட்டில் நிற்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

"எல போட வேணாம்," என்றார். "பீங்கான் தட்ட எடு. நின்னுகினு துண்ணப் போறோம்."

"இன்னாது?" என்றாள் வேம்புலியம்மாள்.

"தல ஆடி முடிஞ்சி பொண்ண அனுப்பற அன்னிக்கி மாமனாரும் மருமவனும் நின்னுகினுதான் துண்ணணும். எங்க ஊட்டு வழக்கம். மாப்ளைக்கித் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் வந்ததுலேர்ந்து நிக்கிறாரு. நாமதான் மறந்துட்டோம்."

"நா வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாச்சி, எனக்குத் தெரியாதே!"

"இருவது வருசத்துல நமக்கு எத்தினி மாப்ள வந்தான்?"

வேம்புலியம்மாள் தட்டு எடுக்கப் போனாள். கஸ்தூரி ஒரே பெண்.

"எந்த சாமிக்கு அண்ணாத்தே?" என்றார் கலியமூர்த்தி.

"அத்தக் கேக்கக் கூடாது. கேட்டா பலிக்காது."

"நானும் நிக்கணுமா மாமே?" என்றான் முனியன், சலூன் நாற்காலியில் மல்லாந்திருந்தபடி.

"நீ ஒடச்ச சைக்கிளுக்கு நீ முட்டி போட்டே துண்ணணும். எழுந்திரு!"

நான்கு ஆண்களும் கூடத்தில் நின்றார்கள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் சோறு. வேம்புலியம்மாள் இந்தத் தடவை எலும்பே இல்லாத கறியாகப் பார்த்து உத்தமன் தட்டில் மலையாகக் குவித்தாள். தட்டின் சூடு தாங்காமல் கலியமூர்த்தி கை மாற்றினார். வஞ்சிரத்தில் முள் எடுக்க மூன்றாவது கை இல்லாமல் முனியன் தவித்தான். பந்தியில் காலி நாற்காலியும், காலி பெஞ்சும், காலிக் கட்டிலும், ராஜா நாற்காலியும் சுற்றிலும் நின்று வேடிக்கை பார்த்தன.

உலகநாதன் முதுகு வளையாமல் சாப்பிட்டார். ஆண்டையின் களத்தில் நின்றே வாழ்ந்த தகப்பனாரை நினைத்துக்கொண்டார். யாரோ நிற்க வைத்து நிற்பது ஒன்று, தன் வீட்டில் தானாக நிற்பது வேறு என்று அவருக்குப் பட்டது.

உத்தமன் மூன்றாம் தடவை சோறு வாங்கும்போது மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். "நல்ல வழக்கம் மாமா," என்றான்.

"கொழம்பு ஊத்திக்கங்க," என்றார் உலகநாதன்.

மழை வருவதற்குள் கஸ்தூரி பெட்டியோடு கிளம்பிவிட்டாள். காலி பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்கள் என்று கலியமூர்த்தி வந்து சொன்னார். "ஊட்டோட போவல அண்ணாத்தே, வழக்கத்த பஸ்ஸுக்கும் கொண்டுகினு போறாங்க!" திங்கட்கிழமை சாயந்திரம் கேட்டில் உலகநாதன் மருமகனையும் தடவினார். சட்டைப் பை, மடி, முதுகு. அதோடு நிறுத்திக்கொண்டு, "ம், போங்க" என்றார்.

அடுத்த வருஷ ஆவணியில் சலூன் சின்னப்பையன் தன் மாப்பிள்ளைக்கு நிற்க வைத்து விருந்து போட்டார். பிறகு மண்ணூர்பேட்டையில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் போட்டார்கள். உலகநாதன் வீட்டில் பரம்பரை பரம்பரையாக மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நின்ற விருந்து என்று இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். அப்படி ஒரு நேர்த்திக்கடன் அந்தக் குடும்பத்தில் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. மாப்பிள்ளை ஆறாத வார்ப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம்.